நிலநடுக்கத்துல வர்ற துணை வெடிப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: 2016ல ஜப்பான்ல வந்த குமமோட்டோ நிலநடுக்கத்துல மெயின் ஃபால்ட் (ரெண்டு பக்கப் பாறையும் ஒண்ணையொண்ணு உரசி நகர்ற நிலப்பிளவு) தவிர நிறைய வெடிப்பு வந்துச்சாமே, அதையெல்லாம் எப்படி வகை பிரிக்கிறாங்க?

பதில்: நல்ல கேள்வி. ஏப்ரல் 16, மேக்னிட்யூட் 7.0. ஃபுதாகவா ஃபால்ட் பிளந்து மஷிகி ஊர்ல ஒரு இடத்துல வயல் வரப்பே 2 மீட்டருக்கு மேல வலது பக்கமா நகந்து போச்சு, அது மெயின், அதுல சண்டையே இல்ல. ஆனா ஜப்பானோட சேட்டிலைட் எடுத்த ரேடார் படத்த முன்ன பின்ன ஒப்பிட்டுப் பாத்தா சுத்துவட்டாரத்துல கிட்டத்தட்ட 230 சின்ன சின்ன கோடு தெரிஞ்சுது. அதுல சிலது மெயின்ல இருந்து கிளை பிரிஞ்சது. சிலது தள்ளி இருக்குற பழைய ஃபால்ட், இங்க அழுத்தம் மாறினதுல சும்மா கூடவே கொஞ்சம் நகந்துக்கிட்டது, அதுவா நிலநடுக்கத்த உண்டாக்கல. மூணாவது, ஃபால்டே இல்லாத வெடிப்பு: மண்சரிவு, மண் இளகி ஓடுறது. இந்த மூணாவத முதல்ல கழிச்சுடுங்க. விரிசலப் பாத்ததும் ஃபால்ட்னு எழுதாதீங்க!

கேள்வி: அடுத்த பெரிய நிலநடுக்கம் எப்ப சார்?

பதில்: தேதி யாராலயும் சொல்ல முடியாது.

கேள்வி: எங்க வீட்டு ஹால் சுவர்ல குறுக்கா விரிசல் விட்ருக்கு, ஃபால்டா இருக்குமோ?

பதில்: நல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரக் கூப்பிட்டுக் காட்டுங்க.

கேள்வி: அதே குமமோட்டோ நிலநடுக்கத்துல அசோ எரிமலைப் பள்ளத்துல, உச்சினோமாகிங்கற ஊர் பக்கம் தரை அப்படியே பள்ளமா இறங்கி ரெண்டு பக்கமும் செங்குத்தா நின்னுச்சே. அது கண்டிப்பா ஃபால்ட்தான்.

பதில்: ஆரம்பத்துல பல பேர் அப்படித்தான் நெனச்சாங்க. ஆனா அந்த இடம் பழைய ஏரிப் படுகை, மெத்து மண்ணு. மேல இருக்குற மண் மட்டும் பாளமா வடமேற்கு பக்கம் ஒரு மீட்டருக்கு மேல வழுக்கிப் போச்சு, பின்னாடி இழுபட்ட இடம் பள்ளமாச்சு.

அதே ஆள்: நேர்கோடா, அவ்ளோ நீளமா இருக்கே? மண் வழுக்கினா அப்படியா வரும்?

பதில்: வரும், அடியில வழுக்கற அடுக்கு பரவலா இருந்தா வரும். அங்க வெந்நீர் ஊற்றுக் கிணத்துக் குழாயெல்லாம் சுமார் 50 மீட்டர் ஆழத்துலதான் அடி வாங்கியிருக்கு. ஆழமான ஃபால்ட்னா அதுக்குக் கீழயும் போகணும்ல? நீளத்த மட்டும் பாக்காதீங்க, எவ்ளோ ஆழம் போகுது, சரிவு எந்தப் பக்கம்னு பாருங்க. மறுபடியும் சொல்றேன், விரிசல் எல்லாமே ஃபால்ட் இல்ல.

இன்னொருத்தர்: அப்ப மெயின் ஃபால்ட்ட விட்டு தள்ளி வீடு கட்டினா போதுமா?

பதில்: கலிஃபோர்னியாவுல 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துக்கு அப்புறம் 1972ல சட்டமே வந்துச்சு, பொதுவா ஃபால்ட்ட விட்டு 50 அடி தள்ளணும். மெயினுக்கு அது சரி, கிளை வெடிப்பு அந்த அளவுக்குள்ள அடங்கித்தான் வரும்னு இல்ல. வீட்ட விட கேஸ் பைப், அணை, அணு உலை கட்டுறவங்களுக்குத்தான் தலைவலி, அவங்களுக்கு சில சென்டிமீட்டர் நகந்தாலே பெரிய விஷயம்.

கேள்வி: 2001ல குஜராத்ல வந்த பூஜ் நிலநடுக்கத்துல எப்படி?

பதில்: அங்க மெயின் வெடிப்பு தரை மட்டம் வரைக்கும் வரவே இல்ல. பாத்ததுல பெரும்பாலானது மண் இளகி பக்கவாட்டுல ஓடினது.

கேள்வி: சார், அடுத்த நிலநடுக்கம் எப்ப?

பதில்: மேல பாருங்க.