ரினியூவல் கடிதத்தைக் கரண்ட் பில் மாதிரி கட்டிவிடாதீர்கள்

புதுச்சேரி வில்லியனூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம். வாடகை வீடு எப்படி, குளிருக்கு என்ன எடுத்து வருவது, இட்லி அரிசி கிடைக்குமா, கார் வாங்கினால் ஒரே கம்பெனியில் தொடர்ந்து இன்சூரன்ஸ் போட்டால் பழைய கஸ்டமர் என்று வருஷா வருஷம் குறைப்பார்களா என்று நாலு கேள்வி.

அரிசி கிடைக்கும். பெல்கிரேவ் ரோட்டுக் குஜராத்திக் கடைகளில் முருங்கைக்காய் வரைக்கும் கிடைக்கும். ஸ்வெட்டரை நேரு வீதியில் வாங்கி மூட்டை கட்டாதீர்கள், அந்தக் குளிருக்கு அது காணாது, அங்கே போய் வாங்குங்கள். வீட்டைப் பற்றி உங்கள் வார்டில் இருக்கப்போகிற மலையாளப் பெண்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நாலாவது கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல ஆசை. நானும் அந்த நினைப்போடுதான் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து இங்கிலாந்துக்கு விமானம் ஏறினேன்.

குறைக்க மாட்டார்கள் தங்கச்சி. பல வருஷம் கூட்டித்தான் வாங்கினார்கள்.

பெரிய மார்க்கெட்டில் அம்மா ஒரே காய்க்காரம்மாவிடம்தான் வாங்குவார். பழகிய முகம் என்று கறிவேப்பிலையும் ரெண்டு பச்சை மிளகாயும் கேட்காமலே கொசுறாக விழும். இங்கிலாந்தில் கார் இன்சூரன்ஸ்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். கொசுறெல்லாம் புதிதாக வருகிறவனுக்கு. முதல் வருஷம் நஷ்டத்துக்குக்கூட விற்பார்கள். அப்புறம் ஒவ்வொரு ரினியூவலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். யார் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள், யார் கேள்வி கேட்காமல் கட்டுவார்கள் என்று கம்ப்யூட்டர் வைத்துக் கணக்குப் போட்டு, கேட்காதவர் தலையில் கூடுதலாக வைப்பார்கள். வயதானவர்களும் நம்மைப் போல வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவர்களும்தான் இதில் அதிகம் மாட்டினார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பேர் வேண்டாம். ஒரு வருஷம் ரினியூவல் கடிதம் வந்தது. விபத்து இல்லை, கிளைம் இல்லை, காருக்கு ஒரு வயது கூடியிருக்கிறது, கிளைம் போடாத வருஷங்களுக்குத் தரும் தள்ளுபடியான என் நோ கிளைம் போனஸிலும் ஒரு வருஷம் கூடியிருக்கிறது. தொகை மட்டும் நூறு பவுண்டுக்கு மேல் ஏறியிருந்தது. நைட் டியூட்டி முடிந்து வந்த காலை அது, தூங்கப் போகாமல் லேப்டாப்பைத் திறந்தேன். அதே கம்பெனியின் வெப்சைட்டில் புது ஆள் மாதிரி அதே கார், அதே வீடு, அதே ஓட்டுநர் விவரங்களைப் போட்டேன். போன வருஷம் கட்டியதைவிடக் குறைவாகக் காட்டியது. போன் போட்டேன். பேசிய பையன் விலைவாசி, ரிப்பேர் செலவு என்று ஏதேதோ சொன்னான். "உங்கள் வெப்சைட்டே என் முன்னால் திறந்திருக்கிறது" என்றேன். மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று பாட்டுப் போட்டுவிட்டுப் போனான். பாட்டு முடிந்ததும் தொகை இறங்கியிருந்தது.

எனக்குக் குறைத்தது சந்தோஷமா என்றால், இல்லை, வயிறுதான் எரிந்தது. கேட்டால் இறங்கும் என்றால், கேட்காமல் கட்டினவர்களிடம் வாங்கியதற்கு என்ன பேர்? அன்றைக்கே அந்தக் கம்பெனியை விட்டு விலகினேன்.

இது என் ஒருத்தியின் புலம்பல் இல்லை. 2018 செப்டம்பரில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்கிற இலவச ஆலோசனை அமைப்பு, வீட்டு இன்சூரன்ஸ், மொபைல் என்று பல சேவைகளில் பழைய வாடிக்கையாளர்களைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று அரசின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பிடம் பெரிய புகாராகவே கொடுத்தது. நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ வீட்டு இன்சூரன்ஸையும் கார் இன்சூரன்ஸையும் தனியாக ஆராய்ந்தது. 60 லட்சம் பேர் அதிக விலை கட்டிக்கொண்டிருந்தார்கள், நியாயமான விலை என்றால் அவர்களுக்கு 2018இல் மட்டும் 120 கோடி பவுண்டு மிச்சமாகியிருக்கும் என்று கணக்குச் சொன்னது. அதற்கப்புறம்தான் விதி வந்தது. 2022 ஜனவரி 1 முதல், ரினியூவலுக்குப் பழைய ஆளிடம் கேட்கிற விலை, அதே ஆள் அதே வழியில் புதிதாக வந்தால் சொல்லும் விலையைவிட அதிகமாக இருக்கக் கூடாது. போன வருஷத் தொகையை ரினியூவல் கடிதத்தில் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது அதற்கும் முன்னால், 2017இலேயே வந்துவிட்டது.

சரி, சட்டம் வந்துவிட்டதே, இனி கவலை இல்லையே என்பீர்கள். அங்கேதான் நம் ஆட்கள் தூங்கிவிடுகிறார்கள். விதி ஒரு கம்பெனி தன் பழைய ஆளையும் புது ஆளையும் வேறுபடுத்துவதைத்தான் தடுக்கிறது. பக்கத்துக் கம்பெனி இதைவிடக் குறைவாகத் தரலாம், பெரும்பாலும் தருகிறது. ஒரே முதலாளி நாலு பேரில் கடை விரித்திருப்பார், ஒரு பேரில் ஒரு விலை, இன்னொரு பேரில் இன்னொரு விலை. தொகை ஏறியது என்பதற்காக மட்டும் ஏமாற்றுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2023இல் கார் இன்சூரன்ஸின் சராசரி பிரீமியம் 543 பவுண்டு, முந்தின வருஷத்தைவிட 25 சதவீதம் அதிகம் என்று அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளின் சங்கமே சொன்னது. அந்த வருஷம் எல்லோருக்கும்தான் ஏறியது. உங்களுக்கு ஏறியது ஊரோடு ஏறியதா, உங்களுக்கு மட்டுமா என்பது நாலு இடத்தில் கொட்டேஷன் எடுத்தால்தான் தெரியும்.

விலை ஒப்பிடும் வெப்சைட்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்றோடு நிறுத்தாமல் ரெண்டு மூன்றில் பாருங்கள். முடிகிற தேதிக்கு மூன்று, நாலு வாரம் முன்னாலேயே பாருங்கள். கடைசி நாளில் ஓடுகிறவரைக் கவனமில்லாத ஆள் என்று கணக்குப் போட்டு விலையைக் கூட்டுவார்கள். முதல் தடவை பாலிசி எடுக்கும்போதே ஆட்டோ ரினியூவல் வேண்டாம் என்று நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் கார்டிலிருந்து அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள். முடிந்தால் வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டுங்கள். மாதாமாதம் என்பது பெரும்பாலும் வட்டிக் கடன். மாறும்போது பழைய கம்பெனியிடம் நோ கிளைம் போனஸ் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். புது பாலிசி தொடங்கும் நேரத்தை உறுதி செய்யாமல் பழையதை ரத்து செய்யாதீர்கள். நடுவில் ஒரு நாள் விட்டாலும் போச்சு, ரோட்டுக் கேமராவே நம்பரைப் படித்துப் போலீஸுக்குச் சொல்லிவிடும். 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 பாயிண்ட். லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷத்துக்குள் 6 பாயிண்ட் விழுந்தால் லைசென்ஸே போய்விடும்.

இன்னொன்று, நம் ஊரில் தேர்ட் பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் போடும் இன்சூரன்ஸ் என்றால் மலிவு, அதற்கு அரசாங்கமே விலை வைத்திருக்கிறது. அதே நினைப்பில் அங்கேயும் தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று எடுக்காதீர்கள். முழு இன்சூரன்ஸ் அதைவிடக் குறைவாக வருவது அங்கே சாதாரணம். ரெண்டையும் போட்டுப் பாருங்கள்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பத்து பைசா மிச்சத்துக்குத் தக்காளிக்கு மூன்று கடை ஏறி இறங்குகிற அண்ணன்மார், நானூறு பவுண்டு ரினியூவலை உறையைக்கூடப் பிரிக்காமல் விடுவார்கள். கேட்டால் "நல்ல கம்பெனிம்மா, இத்தனை வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை" என்பார்கள். கிளைமே போடாத ஆளுக்குத் தொந்தரவு எங்கிருந்து வரும்? இன்னொரு கூட்டம் இருக்கிறது, அது அதிபுத்திசாலிக் கூட்டம். தமிழ்நாட்டு வரிக்குப் பயந்து கடலூர்க்காரர்கள் பாண்டிச்சேரி அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்து பிஒய் நம்பர் வாங்குவார்களே, அந்த வித்தையை அங்கேயும் காட்டுவார்கள். கார் நிற்பது லெஸ்டரில், இன்சூரன்ஸில் கிராமத்து நண்பர் வீட்டுப் போஸ்ட்கோட். ஓட்டுவது பதினெட்டு வயது மகன், பேர் அப்பாவுடையது. மாட்டாதவரை பெருமையாகச் சொல்லித் திரிவார்கள். விபத்து என்று வந்தால் கம்பெனி விசாரிக்கும், பாலிசி செல்லாது என்று கையை விரிக்கும், மோசடி என்று பேர் பதிந்துவிட்டால் அப்புறம் எந்தக் கம்பெனியும் சுலபத்தில் சேர்க்காது. இந்த யோசனையை யாராவது அன்பாகச் சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பாரிஸ் பக்கம் சார்செலில் என் அத்தை மகன் இருக்கிறார், தாத்தா காலத்தில் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பம். இந்தக் கதையைச் சொன்னால் "உங்க இங்கிலீஷ்காரன் புத்தி" என்று சிரிப்பார். பிரான்சில் போனஸ் கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. 1 என்று தொடங்கி, தப்பில்லாத ஒவ்வொரு வருஷமும் 5 சதவீதம் இறங்கி, 13 வருஷத்தில் பாதிக்கு வந்து நிற்கும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்த எண் கூடவே வரும். 2015 முதல், ஒரு வருஷம் முடிந்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நல்ல ஏற்பாடுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரும் ஒரே கம்பெனியை விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஏன் என்று கேட்டால் ஏஜென்ட் நல்ல மனுஷன் என்கிறார்.

உங்கள் முதல் வருஷம் இதிலெல்லாம் சேராது, அது வேறு கஷ்டம். நம் ஊர் லைசென்ஸை வைத்துக் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், அதற்கப்புறம் அங்கே தியரியும் பிராக்டிகலும் பாஸ் செய்துதான் ஆகவேண்டும். இந்திய லைசென்ஸுக்கு அவர்கள் சொல்லும் பிரீமியத்தைப் பார்த்தால் காரே வேண்டாம் என்று தோன்றும். இங்கே ஸ்கூட்டியில் சேர்த்த நோ கிளைம் போனஸை அங்கே பெரும்பாலும் யாரும் மதிக்க மாட்டார்கள். சீக்கிரம் டெஸ்ட் எழுதுங்கள். உங்கள் ஓட்டத்தைப் பதிவு செய்யும் கருப்புப் பெட்டி வைக்கிற பாலிசியையும் விசாரித்துப் பாருங்கள்.

நான் இங்கிலாந்துக்குப் போன புதிதில் கார் என்ன, குடைகூட இல்லை. காலை ஏழரைக்கு லாங் டே, பகல் முழுக்க நீளும் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. யூனிஃபார்முக்கு மேல் ரெண்டு சட்டை, அதற்கு மேல் அம்மா கொடுத்த சால்வை, ஐஸ் உறைந்த நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். பீச் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்த கால் அது. வார்டுக்குள் நுழைந்ததும் ஹீட்டரில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றால்தான் பிபி பட்டையைப் பிடிக்கவே வரும். அப்புறம் ஒரு பழைய நிசான் மைக்ரா வாங்கினேன், பச்சைக் கலர், இடதுபக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அதற்கு முதல் வருஷம் கட்டிய இன்சூரன்ஸ், கார் விலையைவிட அதிகம்! இன்றைக்குப் பனி கொட்டினாலும் எம்1 நெடுஞ்சாலையில் ஒற்றை ஆளாக ஓட்டிப் போகிறேன். என் வார்டு வெள்ளைக்காரப் பெண்கள் ரினியூவல் கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

இந்த மாதக் கடைசி வரை முத்தியால்பேட்டையில் அம்மாவோடுதான் இருக்கிறேன். நீங்கள் அங்கே போய், கார் பார்த்து, கொட்டேஷன் எடுத்ததும் பணம் கட்டாமல் முதலில் எனக்கு அனுப்புங்கள். எந்த வெப்சைட், என்ன தேதி, வருஷத்துக்கு எத்தனை மைல் என்று போட்டீர்கள், விபத்தானால் உங்கள் கையிலிருந்து போகிற எக்ஸஸ் எவ்வளவு, எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். வேலை என்ற இடத்தில் வெறுமனே ஆஸ்பத்திரி ஊழியர் என்று விடாமல், நர்ஸ் என்றே போடுங்கள்.