மூலத்தாளை எரிக்காதீர்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சிறிய கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) குடியிருக்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் எங்கள் கவுண்டி நீதிமன்றத்தின் கிளார்க் (ஆவணங்களுக்குப் பொறுப்பான அதிகாரி) அலுவலகத்துக்குத் தன்னார்வலராகப் போய் வருகிறேன். அங்கே அடித்தளத்தில் பழைய வழக்குக் கட்டுகளும் உயில்களும் பத்திரப் பதிவேடுகளும் குவிந்து கிடக்கின்றன. எப்போதோ தண்ணீர் புகுந்திருக்கிறது. சில பெட்டிகளில் பூஞ்சை. கட்டைப் பிரித்தால் தாளின் ஓரம் பொடியாக உதிர்கிறது. குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்கு அந்தத் தாள்களை எடுத்துக் கொடுக்கவே கை நடுங்குகிறது.

எங்கள் குழுவில் இரண்டு பேர், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுக் கெட்டுப்போன மூலத்தாள்களை அழித்துவிடலாம் என்கிறார்கள். இடமும் மிச்சம், பணமும் மிச்சம். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இன்னொன்று. இங்குள்ள தமிழ் நண்பர்கள், "எவனோ ஒரு வெள்ளைக்காரனுடைய தாத்தாவுக்குத் தூசி தட்டுகிறாயே, உன் கொள்ளுத்தாத்தா பெயர் உனக்குத் தெரியுமா?" என்று கேலி செய்கிறார்கள். உண்மையில் தெரியாது. என் குடும்ப வரலாற்றை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

அன்புடன்,
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

*

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டில் மூத்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் இந்த வாரமே போனில் பேசுங்கள். சொந்த ஊரில் நிலம் இருந்ததென்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரத்தின் நகலுக்கு மனுப் போடுங்கள். பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கும். அதைப் பிடித்து ஒரு தலைமுறை மேலே ஏறலாம். அதற்காக நீங்கள் இப்போது செய்கிற வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

உங்கள் நண்பர்களின் கேலிக்கு நான் அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்லப் போவதில்லை. "வெள்ளைக்காரனுடைய தாத்தா" என்கிறார்கள். அந்த நாட்டில் இருந்து சம்பாதித்து, வீடு வாங்கி, பிள்ளை பெற்று வளர்க்கிறவர்கள் அந்த மண்ணில் யார் உழைத்தார்கள் என்று இதுவரை விசாரிக்கவே இல்லை என்பதுதான் அந்தக் கேலியில் தெரிகிறது. வெள்ளைக்காரத் தாத்தாவைத் தேட நூறு வழி உண்டு. தேவாலயப் பதிவேடு, குடும்ப பைபிள், கல்லறைக் கல், படை ஓய்வூதியக் கோப்பு என்று போய்க்கொண்டே இருக்கலாம். நீங்கள் தொடப் பயப்படுகிற அந்தப் பெட்டியை விட்டால் வேறு வழியே இல்லாதவர்கள், அடிமையாக வைக்கப்பட்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களுடைய முன்னோர்கள் பெயரோடு வருவது 1870இல்தான். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் உரிமையாளனின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான் இருக்கும். பெயர் கிடையாது. 1870க்கு முந்தைய காலத்துக்குப் போகிறவர்கள் ஒரு சுவரில் முட்டிக்கொள்வதாகவே சொல்வார்கள். அந்தச் சுவரில் கதவு இருக்கிறதென்றால் அது கவுண்டி நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. உரிமையாளன் இறந்தால் சொத்துப் பட்டியல் எடுப்பார்கள், பெயரும் விலையும் எழுதுவார்கள். வாரிசுகளுக்குள் சண்டை வந்தால் சான்சரி வழக்கு, அதாவது சொத்துத் தகராறு போன்றவற்றுக்கான வழக்கு. யாருக்கு எந்தப் பெண், எந்தக் குழந்தை என்று பிரித்த விவரம் அந்தக் கட்டுக்குள் இருக்கும். சுதந்திரமாக இருந்த கறுப்பினத்தவர்கூட வர்ஜீனியாவில் 1793 முதல் கிளார்க்கிடம் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். கிளார்க் அவர்களுடைய உயரத்தை எழுதுவார், கையிலும் முகத்திலும் இருக்கிற தழும்பை எழுதுவார். புகைப்படம் இல்லாத ஒரு மனிதரின் முகத்தைப் பற்றிக் கிடைக்கிற ஒரே செய்தி பல குடும்பங்களுக்கு அதுதான்.

அடிமை விடுதலைக்குப் பின் 1866இல் எடுத்த பதிவேடு ஒன்று உண்டு. அடிமை நாட்களில் சட்டப்படி திருமணம் செய்துகொள்ள முடியாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களை அந்த ஆண்டு பிப்ரவரியில் வர்ஜீனியா கணவன் மனைவியாக ஏற்றது. அவர்களுக்காக எடுத்த பதிவு அது. கணவன் பெயர், வயது, பிறந்த இடம், தொழில், கடைசி உரிமையாளன் பெயர். தொழிலைத் தவிர மனைவிக்கும் அதே விவரங்கள். பிறகு ஒவ்வொரு குழந்தையின் பெயரும் வயதும். எந்த ஆண்டிலிருந்து சேர்ந்து வாழ்கிறார்கள் என்பது வரை கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு வரியில் ஒரு குடும்பம் முழுதாக நிற்கும். சில கவுண்டிகளின் பதிவேடுகளே இன்று மிஞ்சியிருக்கின்றன. உங்கள் அடித்தளத்தில் எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உங்கள் குழுவில் யாராவது முழுதாகப் பார்த்துவிட்டார்களா? பார்க்காமல் எதை அழிப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வீட்டில் தங்க வர்ஜீனியா போயிருந்தபோது, பக்கத்துக் கவுண்டியின் பதிவேட்டு அறைக்கு என்னைக் கூட்டிப் போனாள். மேசை ஒன்றுதான். எதிரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கறுப்பினப் பெண்மணி, பேரனோடு உட்கார்ந்திருந்தார். உயில் புத்தகத்தில் ஒரு சொத்துப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். பசு, ஏர், இறகு மெத்தை, அதற்கடுத்த வரியில் ஒரு பெண்ணும் அவள் குழந்தையும், எதிரே டாலர் கணக்கு. தாளைத் தொடாமல் அந்த வரிக்கு மேலே விரலைப் பிடித்துக்கொண்டு பேரனிடம் சொன்னார்: "என் பாட்டி இந்தப் பெயரைச் சொல்லித்தான் எனக்குத் தலை பின்னுவாள். எழுத்தில் பார்ப்பது இன்றைக்குத்தான்." பையன் எழுந்து நின்று பார்த்தான்.

நகல் கேட்டார். அந்தப் புத்தகத்தை இனி விரித்து அழுத்தி நகலெடுக்க முடியாது என்று பழைய மைக்ரோபிலிமிலிருந்து (தாள்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த சுருள்) எடுத்துக் கொடுத்தார்கள். அதில் அந்த வரி கறுப்புத் தீற்றலாக இருந்தது. மூலத்தாளில் மங்கலாக இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். புத்தகத்திலிருந்து புளித்த காடி வாடை வந்தது. தாள்கள் எல்லாம் கண்ணாடிப் படலம் பூசியதுபோல விறைத்திருந்தன.

அந்த வாடையைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் குழுவினருக்கு நான் சொல்ல விரும்புவது முழுக்க அதில்தான் இருக்கிறது. 1930களில் வில்லியம் பாரோ என்பவர் வர்ஜீனியாவில் இருந்துகொண்டு ஒரு முறையைக் கொண்டுவந்தார். சிதைந்த தாளின் இரண்டு பக்கமும் செல்லுலோஸ் அசிடேட் படலத்தை வைத்து, சூடாக்கி அழுத்தி ஒட்டிவிடுவது. நம் வீடுகளில் மார்க் ஷீட்டை லேமினேட் செய்து பீரோவில் வைக்கிறோமே, அப்படி. அன்றைக்கு அது பெரிய விடுதலையாகத் தெரிந்தது. வர்ஜீனியாவிலும் பக்கத்து மாநிலங்களிலும் கவுண்டி கவுண்டியாகப் பதிவேடுகளைப் பிரித்து லேமினேட் செய்தார்கள். பாரோ ஏமாற்றுக்காரர் இல்லை. காகிதத்தின் அமிலம்தான் அதைத் தின்கிறது என்பதை உலகுக்கு உறைக்கச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். லேமினேட் செய்வதற்கு முன்பு தாளின் அமிலத்தை எடுக்க வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். பல இடங்களில் அதைச் செய்யாமல் படலத்தை மட்டும் ஒட்டினார்கள். இன்று அந்தப் படலம் தானே சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. காடி வாடை அதுதான். காப்பாற்ற ஒட்டியதே தாளை அரிக்கிறது. இப்போது பாதுகாப்பு நிபுணர்கள் ஒவ்வொரு தாளாகக் கரைப்பானில் ஊறவைத்துப் படலத்தை உரிக்கிறார்கள். நேரமும் பணமும் அதில் கரைகிறது. ஆனாலும் உரிக்க முடிகிறது, ஏனென்றால் உள்ளே தாள் இருக்கிறது. 'லேமினேட் செய்தாகிவிட்டது, இனி கவலையில்லை' என்று நினைத்தவர்கள்கூட மூலத்தை எரித்துவிடவில்லை.

உங்கள் குழுவினர் ஸ்கேனைப் பற்றி அதையேதான் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் மைக்ரோபிலிமைப் பற்றியும் அப்படித்தான் நினைத்தார்கள். ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, நாளைக்கே எடுங்கள். யூட்டா மாநிலத்தில் இருக்கிற ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று அமைப்பு 1938இல் தொடங்கி உலகம் முழுக்க எடுத்த மைக்ரோபிலிம் சுருள்கள், ஏறத்தாழ 24 லட்சம், 2021இல் முழுவதும் டிஜிட்டல் ஆகிவிட்டன. பழைய கையெழுத்தையே இன்று கணினி படித்துப் பெயர் தேடித் தருகிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது வரம். ஆனால் கணினி படிப்பது படத்தை. படம் விட்டதை அது படிக்காது. அந்தக் காலத்து மை, நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற மாசிக்காயும் அன்னபேதியும் போட்டுச் செய்தது. முதலில் கறுத்து, பிறகு பழுத்து, சில இடங்களில் தாளையே தின்று ஓட்டை போடும். சில இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் வெளுத்துவிடும். அப்படி வெளுத்த எழுத்தைப் பல அலைநீள ஒளிகளில் படமெடுத்து மீட்கிறார்கள். மூலத்தாள் இருந்தால்தான் அது முடியும். இன்னும் ஐம்பது ஆண்டுகளில் என்ன ஒளி வரும் என்று உங்கள் குழுவில் யாருக்குத் தெரியும்?

மாநில அலுவலகம் வைத்திருக்கிறதே, கவுண்டியில் எதற்கு என்றும் யாராவது கேட்பார்கள். அவர்களிடம் வால்டர் பிளெக்கரைப் பற்றிச் சொல்லுங்கள். 1912 முதல் 1946 வரை வர்ஜீனியாவின் பிறப்பு இறப்புப் பதிவாளர். இனத்தூய்மைச் சட்டத்தை வைத்துக்கொண்டு, வர்ஜீனியாவில் உண்மையான செவ்விந்தியரே இல்லை என்று சாதித்து, அந்த மக்களை ஆவணங்களில் வேறு இனமாக மாற்றியவர். பிறப்புச் சான்றின் பின்பக்கத்தில், இதில் எழுதிய இனம் தவறு என்று எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்தவர். அந்த மாநிலத்தின் ஆறு பழங்குடிகளுக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அங்கீகாரம் கிடைத்தது 2018இல். அவ்வளவு தாமதமானதில் அந்த ஆவணச் சிதைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தலைநகரில் ஒருவர் உட்கார்ந்து இப்படி மாற்றும்போது, மாற்றுவதற்கு முன் எழுதியது கவுண்டியின் பழைய புத்தகத்தில் இருந்தால்தான் எதிர்த்து வாதாட முடியும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு அனுப்புவதும் தீர்வில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஹனோவர், ஜேம்ஸ் சிட்டி போன்ற வர்ஜீனியா கவுண்டிகள் பாதுகாப்புக்கென்று பதிவேடுகளை மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரல் 3ஆம் தேதி ரிச்மண்ட் எரிந்தபோது அவையும் எரிந்தன. அதே மாநிலத்தில் நார்தாம்ப்டன் கவுண்டியின் பதிவேடுகள் 1632இலிருந்து இடைவெளியில்லாமல் இன்றுவரை இருக்கின்றன.

போரும் தீயும் செய்தது ஒரு பக்கம். வட கரோலினாவில் பிராங்க்ளின் கவுண்டியில் நீதிமன்ற அடித்தளத்தில் பூஞ்சை பிடித்துக் கிடந்த பழைய ஆவணங்களை 2013 டிசம்பரில் எரித்தே விட்டார்கள். உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் காப்பாற்ற முன்வந்திருந்தும் எரித்தார்கள். காரணம், உங்கள் பெட்டிகளில் இருக்கிற அதே பூஞ்சை. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பூஞ்சைக்கு வைத்தியம் இருக்கிறது தங்கையே, சாம்பலுக்கு இல்லை.

உங்கள் மாநிலத்தில் சட்டமே உங்கள் பக்கம் இருக்கிறது. 1913 ஜனவரி 1க்கு முன்பு முடிந்த வழக்குகளின் கட்டுகளை நிரந்தரமாகக் காகிதமாகவே வைத்திருக்க வேண்டும், அந்தக் கவுண்டியிலோ, மாநில ஆவணக் காப்பகமான வர்ஜீனியா நூலகத்திலோ. ஸ்கேன் எடுத்தாயிற்று என்று குழு கூடித் தீர்மானம் போட்டு அழிக்க முடியாது. பணம் இல்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. நிலப் பத்திரம் பதியும்போது வசூலிக்கிற சிறு கட்டணத்திலிருந்தே சர்க்யூட் கோர்ட் (உங்கள் கவுண்டி நீதிமன்றம்தான்) ஆவணங்களைப் பாதுகாக்க நிதி ஒதுக்குகிறார்கள். கிளார்க் விண்ணப்பித்தால் வர்ஜீனியா நூலகம் மானியம் தரும், ஆள் வந்து பார்ப்பார்கள். உங்கள் கிளார்க்கிடம் இதுவரை விண்ணப்பித்தாரா என்று நேராகக் கேளுங்கள். தன்னார்வலர் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். வரி கட்டுகிறீர்கள், கேட்கலாம்.

அதுவரைக்கும் பூஞ்சைப் பெட்டிகளைத் தனி அறைக்கு மாற்றுங்கள். N95 முகக்கவசம் இல்லாமல் திறக்காதீர்கள். ஈரமாக இருக்கிற தாளைத் துடைக்க வேண்டாம், பூஞ்சை இன்னும் பரவும். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டாமல் ஒரு டீஹியூமிடிஃபையர் போடச் சொல்லுங்கள். திரும்பவும் தண்ணீர் புகுந்தால் 48 மணி நேரத்துக்குள் நனைந்த கட்டுகளை உறைய வைத்துவிட்டால் பிறகு நிதானமாக உலர்த்தலாம், அதற்கு எந்தக் குளிர்பதனக் கிடங்கு என்று இப்போதே பேசி வையுங்கள். செலோடேப் பக்கமே போகாதீர்கள். அட்டவணை போடும்போது வழக்காடியவர்களின் பெயரோடு நிறுத்தாமல், உள்ளே அடிமைகளாக வருகிற ஒவ்வொரு பெயரையும் தனியாக எழுதுங்கள். குடும்பப் பெயர் இல்லாமல் வெறும் முதல் பெயர்தான் இருக்கும், பரவாயில்லை, உரிமையாளன் பெயரையும் ஆண்டையும் பக்கத்தில் போடுங்கள். ஸ்கேன் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். மூன்றாக மடித்துக் கட்டின தாள்களில் என்ன வழக்கு, எந்த ஆண்டு என்று கிளார்க் குறித்து வைத்தது அங்கேதான் இருக்கும்.