கோயிலுக்குத் தோல் பெல்ட்டோடு போகலாமா? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: நெல்லையப்பர் கோயிலில் கொடிமரத்துப் பக்கம் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "தோல் பெல்ட்டோட சாமி கும்பிடக் கூடாது தம்பி, கழத்தும்" என்றார். என் பர்ஸும் தோல்தான். இப்படி ஒரு விதி இருக்கிறதா?
– வாசகர், பேட்டை

பதில்: செருப்பை வாசலில் விடுவது எல்லாக் கோயிலுக்கும் பொது. அது தோலா ரப்பரா என்று யாரும் பார்ப்பதில்லை. பெல்ட், பர்ஸ், வாட்ச் வார் விஷயம் வீட்டுக்கு வீடு வேறு. செத்த உயிரின் தோல் தீட்டு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பசுவின் தோலாக இருக்குமோ என்று மனசு ஒப்பாதவர்கள் உண்டு. அந்தப் பெரியவர் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்திருப்பார்.

ஆனால் அதே கோயிலில் பூஜை நேரத்துக்குக் கொட்டுகிற தவிலில் தோல் இருக்கிறது. உடுக்கையிலும் தோல்தான். சிவபெருமான் இடுப்பில் புலித்தோல், மேலே யானைத் தோல். கண்ணப்பர் செருப்புக் காலைச் சாமியின் கண்மேல் ஊன்றிக்கொண்டுதான் தன் இன்னொரு கண்ணைத் தோண்டப் போனார். அதனால் தோல் என்றாலே சாமிக்கு ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன்.

திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது கோயில் வைத்த விதி, மறுபேச்சு இல்லை. தோலைப் பற்றியும் ஒரு கோயிலில் போர்டு வைத்திருந்தால் அப்படியே நடந்துகொள்ளுங்கள். போர்டு இல்லாத இடத்தில் உங்கள் மனசும் உங்கள் வீட்டு வழக்கமும்தான். நான் வேட்டி கட்டி, தட்டுக் காணிக்கையைத் துணிப் பையில் முடிந்துகொண்டு போகிறேன். பக்கத்தில் பெல்ட் போட்டு நிற்கிறவரைத் திருத்தப் போவதில்லை.

கேள்வி: ஆன்லைனில் 'ஜெனுயின் லெதர்' பர்ஸ் 349 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு மாதத்தில் மேல்தோல் உரிகிறது. பில்லும் இல்லை. என்ன செய்வது?
– வாசகர், வள்ளியூர்

பதில்: ஆன்லைனில் வாங்கிவிட்டுப் பில் இல்லை என்கிறீர்களே. ஆப்பைத் திறந்து பழைய ஆர்டரைப் பாருங்கள், பில் அங்கேயே கிடக்கும். கூடவே, திரும்ப எடுத்துக்கொள்ள எத்தனை நாள் கெடு என்பதும் இருந்திருக்கும். அதை வாங்கும்போதே படித்திருக்க வேண்டும். உரிந்த இடத்தைப் படம் எடுத்து, விளம்பரத்தில் 'லெதர்' என்று போட்டிருந்த பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். இன்றைக்கே செய்யுங்கள், அந்தப் பக்கத்தை நாளைக்கு மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். கோயிலுக்குக் கொண்டுபோக, தோல் இல்லாத ஹேண்ட்பேக் வேண்டும் என்று கேட்டே வாங்கினேன். "ரெக்சின்தான்க்கா, சத்தியமா" என்றார் கடைக்காரர். ஒரு வருஷமாக அதோடு சன்னதிக்குள் போய் வந்தேன். வார் அறுந்து தைக்கக் கொடுத்தபோது, தைக்கிறவர் அசல் தோல் என்றார். கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். பாவம் செய்துவிட்டேனோ என்று தூக்கமில்லை.
– வாசகி, தென்காசி

பதில்: அம்மா, நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. கேட்டுத்தான் வாங்கினீர்கள். பொய் சொன்னவர் கடைக்காரர், அந்தப் பாரம் அவருடையது. விலை கூடின சரக்கைத்தானே கொடுத்தோம் என்று அவர் சிரிக்கலாம். நீங்கள் கேட்டது விலையை இல்லையே.

2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு பொருள் எதனால் ஆனது என்று பொய் சொல்லி விற்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காமல் விற்பதும் அதே கணக்குதான். பில் இருந்தால் நகலை வைத்துக் கடைக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். தைக்கிறவர் அறுத்துப் பார்த்த ஓரத்தைப் படம் எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கியது 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 3,200 ரூபாய்ச் செருப்பைக் கோயில் வாசலில் கழற்றிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் காணோம். டோக்கன் போடவில்லை. யாரிடம் கேட்பது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: யாரிடமும் கேட்க முடியாது. டோக்கன் போட்டிருந்தால் கேட்கலாம்.

கேள்வி: ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறோம். பட்டவராயனுக்குச் செருப்பு நேர்ந்திருக்கிறது. கோயிலுக்குத் தோல் ஆகாது என்கிறார் சென்னையிலிருந்து வந்த சம்பந்தி. ரெக்சினில் வாங்கிக் கட்டிவிடலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கூடாது. சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பார்க்கட்டும்.

காரையாற்றில் இருக்கிற அந்தக் கோயிலில், பட்டவராயன் சன்னதிக்குச் செருப்புதான் காணிக்கை. அந்தணராகப் பிறந்த முத்துப்பட்டன்தான் இந்தப் பட்டவராயன். அவர், செருப்புத் தைக்கிற குடும்பத்தில் பிறந்த பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்ட ஆசைப்பட்டார். பெண்களின் அப்பா கேட்டபடி குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டு, உட்கார்ந்து செருப்புத் தைத்தார். பிறகு மாமனார் வீட்டு மாடுகளைக் காக்கப் போய்த் திருடர் கையில் உயிரை விட்டார். வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். கட்டின செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் காட்டில் நடக்கிறார், அதனால்தான் அது தேய்ந்து கிடக்கிறது என்று நம் பக்கத்தில் நம்புகிறோம். தோலைத் தொட்டுப் பிழைத்தவர்களைத் தீட்டு என்று தள்ளி வைத்த இதே சீமையில், அவர்கள் கையால் தைத்த செருப்பைச் சாமிக்கு ஏந்திக்கொண்டு போகிறோம். அந்தச் செருப்பிலேயே ஏமாற்றினால் எப்படி?

எனக்கு அது நடந்தது. அப்பா ஆபரேஷன் முடிந்து நடந்து வீடு வந்தால் பட்டவராயனுக்குத் தோல் செருப்பு என்று அம்மா நேர்ந்திருந்தாள். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 1,150 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெட்டியிலேயே 'பியூர் லெதர்' என்று அச்சடித்திருந்தது. ஆற்றில் குளித்துக் கரையேறியபோது அம்மா அதை ஈரக் கையால் தடவிப் பார்த்தாள். வாரின் ஓரத்தில் பழுப்புப் பூச்சு ஒரு நகம் அளவுக்கு எழும்பி, அடியில் வெள்ளைத் துணி நூல் தெரிந்தது. "தோலுன்னுல்லா நேர்ந்தேன்" என்றாள். அதற்கு மேல் அன்று முழுக்கப் பேசவில்லை. மறுவருஷம் அம்பையில் ஒரு தைக்கிற அண்ணாச்சியிடம் சொல்லித் தைத்து வாங்கி, அம்மா கையாலேயே கட்டச் செய்தேன்.

அன்றிலிருந்து கடையில் 'லெதர்' என்ற வார்த்தையைக் கேட்டாலே பொருளைத் திருப்பிப் பார்க்கிறேன். பி.யூ. (PU) லெதர், சிந்தெடிக் லெதர் எல்லாம் துணிமேல் பூசிய பிளாஸ்டிக். 'பாண்டட் லெதர்' என்பது தோல் தூளைப் பசை போட்டு ஒட்டியது. அசல் தோலை வெட்டின ஓரத்தில் பாருங்கள், நார் நாராக இருக்கும், துணி இருக்காது. அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். மேலே உள்ள துளைகள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்காது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இன்று பெரும்பாலும் குரோமியம் போட்டுத்தான் பதனிடுகிறார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் கிடைத்தால் அதையே கேளுங்கள். தைக்கிறவரிடம் பேரம் பேசாதீர்கள். 'தோல் செருப்பு' என்று ஒரு சீட்டிலாவது எழுதி வாங்குங்கள்.

கேள்வி: 'வீகன் லெதர்' பை 2,400 ரூபாய் சொல்கிறார்கள். கோயிலுக்கு ஆகுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கோயிலுக்கு ஆகும், அது மிருகத் தோல் இல்லை. அந்த விலைக்கு ஆகாது, அநேகமாக அது ரெக்சின்தான். மணப்பாட்டுப் பெண்கள் பின்னுகிற பனையோலைப் பை வாங்குங்கள்.