அப்பாவின் பெட்டியில் விண்ட் டனல் படங்கள்

கேள்வி: என் அப்பா பெங்களூரில் ஒரு விண்ட் டனலில் (காற்றைப் பாய்ச்சி விமான மாடல்களைச் சோதிக்கும் கூடம்) டெக்னீஷியனாக இருந்தவர். காலமாகிவிட்டார். அவர் பெட்டியில் 1968 முதல் 75 வரை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களும் கொஞ்சம் நெகட்டிவும் கிடைத்தன. வட்டமாக, மங்கலாகச் சில. வெறும் கண்ணாடிக் குழாய்களாகச் சில. இவற்றை எறிந்துவிட்டு, நல்ல படங்களை மட்டும் இணையத்தில் போடலாமா?
- வாசகி, ஓசூர்

பதில்: நீங்கள் எறிய நினைக்கும் அந்த இரண்டு வகையும்தான் பெட்டியிலேயே மதிப்புள்ளவை.

வட்டப் படங்கள் ஷ்லீரன் படங்களாக இருக்க வேண்டும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்று பாயும்போது மாடலின் மூக்கில் எழும் அதிர்வலை வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் காற்றின் அடர்த்தி மாறுவதால் ஒளி லேசாக வளைகிறது. அந்த வளைவைக் குழி ஆடிகளையும் ஒரு கத்தி முனையையும் வைத்துப் படமாக்குவார்கள். டனலின் கண்ணாடி ஜன்னல் வட்டம், அதனால் படமும் வட்டம். ஓரத்தை வெட்டிச் சதுரமாக்காதீர்கள், கான்ட்ராஸ்டை ஏற்றாதீர்கள். மாடலின் பரப்பிலிருந்து கிளம்பும் மிக மெல்லிய கோடுகள், காற்று வரும் திசையோடு 30 டிகிரி சாய்ந்திருந்தால் அங்கே வேகம் மாக் 2, அதாவது ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு. சுமார் 19½ டிகிரி என்றால் மாக் 3. மூக்கருகே உள்ள தடித்த அலையை அளந்தால் கணக்கு தப்பும், அது இன்னும் நிமிர்ந்து நிற்கும்.

கண்ணாடிக் குழாய் வரிசை என்பது மேனோமீட்டர், அழுத்தத்தை அளக்கும் கருவி. மாடலில் உள்ள ஒவ்வொரு ஊசித்துளையிலிருந்தும் ஒரு டியூப் ஒரு குழாய்க்கு வரும். திரவத்தின் மட்டம் அந்த இடத்து அழுத்தத்தைச் சொல்லும். டனல் ஓடும் நேரத்துக்குள் அத்தனையையும் பார்த்து எழுத முடியாது என்பதால் படமெடுத்து வைத்துப் பிறகு அளந்தார்கள். ஆக, அது நினைவுக்கு எடுத்த படமல்ல, சோதனையின் அளவீடு. பலகையில் ரன் எண் (எத்தனையாவது சோதனை ஓட்டம் என்பது) தெரிந்தால் அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

எந்த டனல் என்பதற்கும் இவை துப்பு. என்.ஏ.எல். என்ற தேசிய விண்வெளி ஆய்வகத்தின் (National Aerospace Laboratories) 1.2 மீட்டர் டிரைசானிக் டனல், அதாவது ஒலிக்குக் குறைந்த, ஒலியை ஒட்டிய, ஒலியை மிஞ்சிய மூன்று வேகத்திலும் சோதிக்கும் டனல், 1967-ல் ஓடத் தொடங்கியது. தொட்டிகளில் அடைத்த காற்றைத் திறந்துவிடும் வகை, மாக் 4 வரை போகும். (அது இருக்கும் முருகேஷ்பாளையாவில் தெருவுக்கே விண்ட் டனல் ரோடு என்றுதான் பெயர்.) இந்திய அறிவியல் கழகத்தின் 14 x 9 அடி திறந்த டனல் மெதுவேக வகை. அதில் இப்படி அதிர்வலை வராது.

பிரிண்டுகளை 600 டிபிஐ-யில், 35 மி.மீ. நெகட்டிவை 2400 முதல் 3200 வரை, டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியை அணைத்துவிடுங்கள்; கறுப்பு வெள்ளை நெகட்டிவின் வெள்ளித் துகளையே அது தூசி என்று எடுத்துக்கொண்டு படத்தைக் கெடுக்கும். நெகட்டிவின் ஓர எழுத்து நேராகத் தெரிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இடம் வலம் மாறியிருக்கிறது. பிரிண்டின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பெயர் இருந்தால் அந்தப் பிரிண்ட் 1967-க்கு முந்தியதாக இருக்காது. வினிகர் வாடை அடிக்கும் நெகட்டிவைத் தனியே பிரித்து வையுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

இனி, போடலாமா என்ற கேள்வி. வேலையின் பகுதியாக எடுத்த படம் என்றால் பதிப்புரிமை பொதுவாக வேலை கொடுத்த நிறுவனத்துக்கே. பெட்டி உங்களிடம் இருப்பதால் உரிமை வந்துவிடாது. பழைய படம்தானே, காலாவதியாகியிருக்கும் என்றும் நம்பாதீர்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு போட்டோவின் உரிமை, எடுத்தவர் இறந்து 60 ஆண்டு வரை நீடிக்கிறது. அரசுப் படைப்புகளுக்குக் கணக்கு வேறு.

அதைவிடக் கவனம் தேவைப்படுவது 1923-ம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம். மூன்று அடுக்காகப் பிரியுங்கள். கட்டட முகப்பு, ஆயுத பூஜை, குரூப் போட்டோ ஒரு பக்கம். விசிறி, வளைவுத் தகடு, தேன்கூடு போன்ற சட்டகம் முதலான டனல் பாகங்கள் ஒரு பக்கம். ஏவுகணை, போர் விமான மாடல், படிக்கக்கூடிய அளவீடு உள்ளவை மூன்றாவது. இந்த மூன்றாவது அடுக்கை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். "இது என்ன?" என்று கேட்பதற்காகக்கூட மெயிலில் அனுப்பாதீர்கள். எண் போட்டு ஒரு பட்டியல் மட்டும் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டாம் அடுக்குக்கும் அதே கடிதத்திலேயே அனுமதி கேட்டுவிடலாம். முதல் அடுக்கில் குரூப் போட்டோவை முதலில் அப்பாவோடு வேலை பார்த்தவர்களிடம் காட்டுங்கள், முகங்களுக்குப் பெயர் சொல்ல அவர்களால்தான் முடியும்.