கணவன், மனைவி இருவர் பெயரிலும் உள்ள வீட்டையும் வங்கிக் கடனையும் பிரியும்போது எப்படிப் பிரிப்பது?

"மனமொத்துப் பிரிகிறோம். வீடு இருவர் பெயரில் இருக்கிறது, கடனும் இருவர் பெயரில். ஒருவர் எப்படி வெளியேறுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் போடாத கேள்விதான். ஆனாலும் கேட்பவர் ஒரு பெண் என்றே எனக்குத் தோன்றியது. "வீடு போனால் போகிறது, நிம்மதியாக வந்துவிடு" என்று உங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருப்பார் என்றும் தோன்றியது. தவறென்றால் மன்னியுங்கள். எனக்கு அப்படிச் சொன்னவர்கள் ஒரு பந்தி நிறைய இருந்தார்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். விவாகரத்துத் தீர்ப்பு கடனைப் பிரிக்காது. "வீடு மனைவிக்கு" என்று நீதிமன்றமே எழுதினாலும் வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பு இல்லை. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்க அதற்கு உரிமை உண்டு. "என் பாதியைக் கட்டிவிட்டேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. எங்கள் பிரிவின்போது அவர் தம் பங்கை நிறுத்தினார், தவணை தவறியது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் என் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே இறங்கியது. ஆகவே தீர்ப்புக்குக் காத்திருக்காமல், கணவன் மனைவியாக இருக்கும்போதே கடனையும் பத்திரத்தையும் முடித்துவிடுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையைக் கேட்க வேண்டும்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை. "சட்டம் தெரியாமல் எழுதுகிறாள்" என்று வரப்போகிறவர்கள் தாராளமாக வரலாம். வரும்போது நடந்ததில் எது பொய் என்றும் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆண்களைக் குறை சொல்லவும் எழுதவில்லை. கடைசியில் அவர் நியாயமாகத்தான் நடந்துகொண்டார், காகிதத்தைக் காட்டிய பிறகு.

2016இல் சத்துவாச்சாரியில் வீட்டை 42 லட்சத்துக்கு வாங்கினோம். 30 லட்சம் வங்கிக் கடன், 20 வருடம். மீதி 12 லட்சத்தில் 8 லட்சம் என் பக்கம்: என் ஆரமும் வளையல்களும் விற்ற பணம், அதோடு குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் என் நைனா (அப்பா) கொடுத்தது. கணவர் போட்டது 4 லட்சம். கிரயப் பத்திரத்தில் பங்கு எதுவும் குறிப்பிடவில்லை. பங்கு எழுதாவிட்டால் சரிபாதி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 45ஆவது பிரிவு அதற்கு முன்னால் ஒரு படி வைத்திருக்கிறது. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைக் காட்ட முடிந்தால் பங்கும் அந்த விகிதத்தில். காட்ட முடியாதபோதுதான் சரிபாதி. நகை விற்ற பணத்தை என் கணக்கில் போட்டு அங்கிருந்து வரைவோலை எடுத்திருந்தேன். நகைக்கடை ரசீதும் இருந்தது. கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த 8 லட்சம் வெறும் வாய்ப்பேச்சாகப் போயிருக்கும்.

2023இல் இரண்டு குடும்பமும் நைனா வீட்டில் உட்கார்ந்தோம். லுங்கிக் கட்டுகள் அடுக்கிய முன்னறையில் பாய் விரித்து, நடுவில் சொம்புத் தண்ணீர். கணவருடைய மாமாதான் பேச்சை ஆரம்பித்தார். "ஏழு வருஷமாக 23 லட்சம் கட்டியிருக்கிறார்கள். அதில் பாதி எங்கள் பிள்ளையுடையது. அதைக் கொடுத்துவிட்டு வீட்டை வைத்துக்கொள்ளட்டும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. என் சித்தப்பாவே தலையாட்டினார்.

நான் வங்கியிலிருந்து வாங்கிவந்த கடன் அறிக்கையைப் பாயில் விரித்தேன். ஒவ்வொரு தவணைக்கும் எதிரே வட்டி ஒரு பத்தி, அசல் ஒரு பத்தி. சுமார் 27,500 ரூபாய்த் தவணையில் முதல் மாதம் அசலுக்குப் போனது நாலாயிரத்துச் சொச்சம். ஏழு வருடக் கூட்டலைச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தேன். கட்டியது 23 லட்சம், அதில் வட்டி 18 லட்சம், அசலில் குறைந்தது 5 லட்சம்தான். பாக்கி ஏறக்குறைய 25 லட்சம். "மாமா, இந்த 18 லட்சம் என்னிடமும் இல்லை, உங்கள் பிள்ளையிடமும் இல்லை. நாங்கள் இருவரும் அந்த வீட்டில் குடியிருந்ததற்கு ஆன செலவு அது. அதை நான் எங்கிருந்து கொண்டுவந்து தருவேன்?" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பத்தியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

விலையில்தான் இழுபறி. அவர்கள் 70 லட்சம் என்றார்கள், நைனா 50 என்றார். இரண்டும் கற்பனை. வங்கியின் மதிப்பீட்டாளரைப் பணம் கட்டி வரவழைத்தோம். அவர் 58 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். 58இல் கடன் பாக்கி 25 போனால் 33. அதிலிருந்து ஆரம்பத்தில் போட்டதை அவரவருக்கு எடுத்தோம்: எனக்கு 8, அவருக்கு 4. மிச்சம் 21 லட்சத்தில் ஆளுக்குப் பாதி. நான் அவருக்குக் கொடுக்க வேண்டியது 14.5 லட்சம். "போட்டதற்கு வட்டி சேர்த்திருக்கலாமே" என்பவர்கள் இருப்பார்கள். சேர்த்திருந்தால் இன்றும் அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருப்போம்.

அடுத்தது வங்கி. இணைக் கடனாளி ஒருவரை விடுவிக்க வேண்டுமென்றால், மீதி இருப்பவரின் சம்பளம் மட்டுமே கடனைத் தாங்குமா என்று புதிதாகப் பார்ப்பார்கள். என் சம்பளத்துக்கு 34 லட்சம் வரை கிடைத்தது. தேவை 39.5. மீதியைச் சீட்டுப் பணமும் நகைக் கடனும் சரிக்கட்டின. ஆனால் அங்கிருந்த அதிகாரி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "வீட்டுக்காரர் இல்லையென்றால் அப்பாவை இணைக் கடனாளியாகப் போடுங்களேன், எங்களுக்கும் ஒரு தைரியம்." நைனாவுக்கு அப்போதே எழுபது தாண்டிவிட்டது, நிலையான மாத வருமானம் என்று எதுவும் கிடையாது. பதினைந்து வருடமாகச் சம்பளம் வாங்கும் நான் தராத தைரியத்தை அவர் எப்படித் தருவார் என்று கேட்டேன். பதில் இல்லை, கடன் வந்தது. உங்களிடமும் கேட்பார்கள். சம்மதிக்காதீர்கள், ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு இன்னொருவரைக் கட்டிவைப்பதற்கா இத்தனை பாடு?

இங்கே ஒரு முடிச்சு உண்டு. வீடு முழுவதும் உங்கள் பெயருக்கு வந்தால்தான் புதுக் கடன் என்பார்கள். பழைய கடன் இருக்கும்வரை பெயர் மாற்றச் சம்மதிக்க மாட்டோம் என்பார்கள். அதே வங்கியில் புதுக் கடன் எடுத்தது எனக்கு உதவியது. முதலில் நிபந்தனையோடு ஒப்புதல் கடிதமும், பதிவுக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் வாங்கினேன். பிறகு, அவர் தம் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்தோம். அதன்பின் புதுக் கடன் பழையதை அடைத்தது. மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைத்ததற்கு அபராதம் கிடையாது. அவருக்கான தொகையைப் பத்திரத்திலேயே எழுதி, வரைவோலையாகக் கொடுத்தேன்.

இப்போது அந்த "தீர்ப்புக்கு முன்" விஷயம். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் செய்யும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. (2023 ஜூலைக்கு முன் இது 25,000, 4,000 என்று இருந்தது.) கணவன் மனைவி இந்தக் கணக்கில் வருவார்கள். தீர்ப்பு வந்துவிட்டால் அவர்கள் கணவன் மனைவி இல்லையே! வெளியாளிடம் கிரயம் வாங்குவதுபோல் 7 சதவீதமும் 2 சதவீதமும் கட்ட நேர்ந்தால், எங்கள் வீட்டின் பாதிப் பங்குக்கே இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பத்திர எழுத்தர். வழக்கறிஞர் சொல்லவில்லை.

நீதிமன்றப் பகுதி இதற்கெல்லாம் பார்த்தால் எளிது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால் இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவில் சேர்ந்து மனு. ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டுக் கணக்கு முடிந்துவிட்டது என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சு ஆறவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, புதுமனை புகுவிழா மொய் நோட்டைக் கேட்டு மாமியார் ஆளனுப்பினார். அவர்கள் பக்கத்து மொய்யை அவர்கள் திருப்பிச் செய்ய வேண்டுமாம். நியாயம்தான், நகல் எடுத்துக் கொடுத்தேன். என் பக்கத்து மொய்யை நான் இன்றும் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறேன். வாலாஜா, ஆம்பூர், ஆரணி என்று பத்திரிகை தவறாமல் வருகிறது. போய் உட்கார்ந்தால் நலங்கு வைக்கவோ ஆரத்தி எடுக்கவோ என்னைத் தாண்டிப் பக்கத்து நாற்காலிக்காரியைக் கூப்பிடுகிறார்கள். மொய் எழுதும் மேசையில் மட்டும் பெயரை உரக்கக் கேட்கிறார்கள். வாழாவெட்டியின் ஆயிரம் ரூபாய்க்குத் தீட்டு இல்லைபோல.

சரி, உங்கள் விஷயம். இருவர் சம்பளமும் தனியாகக் கடனைத் தாங்காதென்றால் விற்பதுதான் வழி. வாங்குகிறவர் பணத்தில் முதலில் கடனை அடைத்து மீதியைப் பிரியுங்கள். கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் அவர்கள் தவறென்றால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவு போட்டிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தைக் கடனுக்கு ஈடாகக் கொடுத்ததற்கு வங்கிப் பெயரில் பதிவான ஆவண ஒப்படைப்புப் பத்திரத்துக்கு ரத்து ரசீதும் பதிவாகி, வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

கேள்வியில் இல்லாத இரண்டு விவரங்களைச் சொன்னால் இன்னும் தெளிவாக எழுதுகிறேன்: இப்போது கடன் பாக்கி எவ்வளவு, வீடு வேண்டும் என்பவரின் சம்பளத்துக்குத் தனியாக எவ்வளவு கடன் கிடைக்கும்?