மூளைக்குள் அட்டை இருக்கிறதா?

வணக்கம் சார்,

சென்னிமலையில் எங்களுக்கு ஜக்கார்டு தறி ஓடுதுங்க. டிசைன் அட்டையில் இருக்கும், தறி அதன்படி நெய்யும். கம்ப்யூட்டரும் மூளையும் இதே மாதிரிதான் என்கிறார்கள். பையன் பிளஸ் டூ. ஒரு பாடத்தை நாலு தடவை படிக்கிறான், ஒரு வாரம் போனால் பாதி மறந்துவிடுகிறது. மூளை எத்தனை ஜிபி? அதில் இடம் நிறைந்துவிடுமா?

– ஒரு வாசகர், சென்னிமலை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அறிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், கொக்கி பாவு இழையை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, தூக்கும். ஓட்டை இல்லையென்றால் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், இழை கீழேயே நிற்கும். இந்த அட்டையைத்தான் 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பு இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆகவே கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அட்டை வேறு, தறி வேறு. எத்தனை போர்வை நெய்தாலும் டிசைன் மாறாது.

மூளையில் அந்தப் பிரிவே இல்லை. சுமார் 8,600 கோடி நியூரான்கள் (நரம்பு செல்கள்), ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் இணைப்புகள். வேலை செய்வதும் அந்த இணைப்புகள்தான், நினைவாக நிற்பதும் அவைதான். ஜிபி கணக்கெல்லாம் ஓர் இணைப்புக்கு இத்தனை பிட் (கம்ப்யூட்டர் தகவலின் மிகச் சிறிய அளவு) என்று தோராயமாக வைத்துப் பெருக்கியவை. அவற்றை நம்ப வேண்டாம். பிளஸ் டூ பாடத்தால் மூளை நிறையாது.

நினைவை எடுக்கும்போதே அது மாறக்கூடியதாகிவிடுகிறது. 2000இல் நரம்பியல் ஆய்வாளர் கரீம் நாடர் குழுவினர், ஓர் ஒலி கேட்டால் ஷாக் வரும் என்று பழகியிருந்த எலிகளுக்கு மறுபடி அந்த ஒலியைக் கேட்கவைத்து, உடனே மூளையில் பய நினைவுக்கு முக்கியமான அமிக்டலா என்ற பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். மறுநாள் பயம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒலியைக் கேட்காமல் மருந்து மட்டும் பெற்ற எலிகளுக்குப் பயம் அப்படியே இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் ஃபைலைத் திறந்து பார்த்ததாலேயே இப்படி ஆகாது.

உங்கள் பையனுக்கு வேண்டியது இதில்தான் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். சிலர் அதை இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால்: 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: இரண்டு முறை படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. பையன் ஏமாறுவது அந்த 5 நிமிடத்தில்தான். திரும்பத் திரும்பப் படித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அந்தத் தெம்பில் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுவான்.

நாலு தடவை வேண்டாம். ஒரு தடவை நிதானமாகப் படிக்கட்டும். புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவில் உள்ளதை எழுதட்டும். திணறினால் திணறட்டும், உடனே புரட்ட விடாதீர்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் வேறு மையில் திருத்த வேண்டும். மறுநாள் ஒரு முறை, நாலைந்து நாள் கழித்து ஒரு முறை இப்படியே. ராத்திரித் தூக்கத்தைக் குறைக்கக் கூடாது, படித்தது உறுதிப்படுவதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு. திருத்துவதை மட்டும் ஒருநாளும் தவிர்க்க வேண்டாம். தப்பாக எழுதிவிட்டு அப்படியே விட்டால் அந்தத் தப்பே மனதில் ஊன்றிவிடும்.