மகள் அபிஸ்கோ போகட்டும், அம்மா

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஸ்வீடனில் உப்சாலா நகரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மகள், ஆகஸ்டில் ஒரு வாரச் சூழலியல் வகுப்புக்காக அபிஸ்கோ போவதாகச் சொன்னதும் வரைபடத்தில் தேடியிருக்கிறீர்கள். ஸ்வீடனின் வடகோடி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியும் 200 கி.மீ. வடக்கே. ஒரு ஏரி, மலை, ஒற்றை ரயில் பாதை. "ஆராய்ச்சியை விட்டுவிட்டு இந்த அலைச்சல் தேவையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேவைதான். போகச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது விடுமுறைச் சுற்றுலா இல்லை. ஸ்வீடனில் முனைவர் பட்டம் என்பது 240 புள்ளிகள், அதாவது நான்கு வருட முழுநேரப் படிப்பு. அதில் ஆய்வேட்டோடு பாடங்களும் சேர்த்தி. ஒரு வார வகுப்புக்குப் பொதுவாக 1.5 புள்ளி. மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டு, மகளின் படிப்புத் திட்டத்தில் இந்த வகுப்பை எழுதிவிட்டால் பட்டக் கணக்கில் சேர்ந்துவிடும். ரயில் கட்டணத்தையும் தங்கும் செலவையும் யார் ஏற்பது என்பதை மட்டும் பதிவு செய்யும் முன்பே துறையில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

ஏன் அவ்வளவு தூரம் என்கிறீர்கள். வகுப்பு நடக்கும் ஆய்வு நிலையம் அபிஸ்கோவில் 1913 முதல் இயங்குகிறது. தட்பவெப்பம், பனி, ஏரியில் உறைபனி விலகும் நாள் என்று தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். போன நூற்றாண்டின் பெரும்பகுதி அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேதான் இருந்தது. இப்போது பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் நுவோல்யா என்றொரு மலை. அதன் சரிவில் எந்தச் செடி எந்த நாளில் பூக்கிறது என்று தோரே ஃப்ரைஸ் என்ற தாவரவியலாளர் 1917-இல் கணக்கெடுக்கத் தொடங்கினார். நூறு வருடம் கழித்து 2017-இல் அதே சரிவில் அந்த வேலையை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் கட்டுரையில் படிக்கலாம்தான். ஆனால் அந்தச் சரிவில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அரை மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருக்கும் பாசியையும் குட்டை பிர்ச் செடியையும் கொசுக்கடியோடு ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணும்போதுதான், ஒரு எண் எவ்வளவு உழைப்பில் வருகிறது, எங்கே தவறு நுழைகிறது என்பது புரியும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவர், ஸ்டோர்டாலன் என்ற சதுப்பு நிலத்தில் நடந்ததைச் சொன்னார். அபிஸ்கோவிலிருந்து கிழக்கே பத்து கி.மீ. தூரம். கையில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. அதை, செடிகள் முழுதும் மக்காமல் சேர்ந்த ஈரமான கரி மண்ணில் அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்குகிறது. முழங்கால் ஆழத்தில் 'டக்' என்று நின்றுவிடுகிறது. கீழே இருப்பது கோடையிலும் உருகாத உறைநிலம். நாலடி தள்ளிக் குத்தினால், கம்பி முழுதும் உள்ளே போய்விடுகிறது. அங்கே உறைநிலம் கரைந்துவிட்டது, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளிவருகிறது. "நாலு வருஷமா படிச்சது அந்த நாலடியில புரிஞ்சுது சார்" என்றார். இன்று அவருடைய ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

சரி, பயணத்துக்கு வருவோம். ஸ்டாக்ஹோமிலிருந்து நார்விக் போகும் இரவு ரயில் உப்சாலா வழியாகவே போகிறது. அபிஸ்கோ சேர ஏறக்குறைய 17 மணி நேரம். படுக்கை வசதி உண்டு. பெண்கள் மட்டும் இருக்கும் அறையைக் கேட்டுப் பதிவு செய்யலாம். விமானத்தில் கிருனா நகரம் வரை போய், அங்கிருந்து நூறு கி.மீ. பேருந்திலோ ரயிலிலோ போகிற வழியும் இருக்கிறது. கூட வருகிற மாணவர்கள் யாரென்று கேட்டு ஒரே ரயிலில் ஏறுவது நல்லது. வகுப்பு தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேரட்டும். அது இரும்புத்தாது ரயில்கள் ஓயாமல் ஓடும் ஒற்றைப் பாதை. 2023 டிசம்பரில் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டு, கிருனாவுக்கும் நார்விக்குக்கும் இடையில் இரண்டு மாதம் போக்குவரத்து நின்றுபோனது. பக்கத்திலேயே நெடுஞ்சாலை இருப்பதால் பேருந்து கிடைக்கும், நேரம்தான் போகும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. நார்விக் இருப்பது நார்வேயில். வகுப்பு முடிந்து எல்லோரும் ஒரு நாள் அங்கே போய்வரக் கிளம்புவார்கள். பாஸ்போர்ட்டும் வசிப்பு அனுமதி அட்டையும் கையில் இருக்க வேண்டும். அட்டை காலாவதியாகி, புதுப்பிக்க விண்ணப்பித்துக் காத்திருக்கும் நிலை என்றால் எல்லையைத் தாண்டவே வேண்டாம். ஸ்வீடனுக்குள் அபிஸ்கோ வரை போய்வருவதில் சிக்கல் இல்லை.

குளிரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஆகஸ்டில் அங்கே சராசரி வெப்பநிலை 10 டிகிரியைச் சுற்றி இருக்கும். ஆபத்து குளிரை விட ஈரத்தில்தான். பருத்தி ஜீன்ஸ் நனைந்தால் காயாது. கம்பளி உள்ளாடை, மழைக்கோட்டு, சதுப்பில் நடக்க முட்டி வரை ரப்பர் பூட்ஸ், இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ், கொசு வலைத் தொப்பி. புதுக் காலணி வாங்கினால் உப்சாலாவிலேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்கட்டும், இல்லையென்றால் முதல் நாளே கால் கொப்பளித்துவிடும். சைவம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும்.

வேலைக்கு என்ன பயன் என்றும் கேட்டிருந்தீர்கள். துருவப் பகுதியில் களப்பணி செய்த அனுபவம் நம் ஊரிலும் மதிப்பு உள்ளதுதான். இந்தியாவே 2008 முதல் நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் 'ஹிமாத்ரி' என்ற ஆய்வு நிலையத்தை நடத்துகிறது. கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் பொறுப்பு அது. அல்மோராவுக்குப் பக்கத்தில் இமயமலைச் சூழலை ஆராயும் கோவிந்த் வல்லப் பந்த் நிறுவனம் இருக்கிறது. பனி, மலை, சதுப்பு என்று நேரில் அளந்தவர்களுக்கு அங்கெல்லாம் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். அதனால் களக்குறிப்பேட்டை மகள் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். புள்ளிகள் குறிப்பிட்ட சான்றிதழையும் வகுப்பு முடிந்த கையோடு கேட்டு வாங்கட்டும்.

பொடி வகைகள் பார்சல் அனுப்பப் போவதாக எழுதியிருந்தீர்கள். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் தாராளமாக அனுப்புங்கள். நிலையத்தில் சமையலறை இருக்கிறது, சாதம் வடித்துக்கொள்வார். நெய் மட்டும் வைக்காதீர்கள். பால் பொருள்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுப்ப அனுமதி இல்லை, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.